ராயல் ஃபெஸ்டிவல் ஹால் தற்காலிகக் கட்டடமா?

லண்டன் இசையரங்கமான ராயல் ஃபெஸ்டிவல் ஹால், 1951-இல் நடந்த பிரிட்டன் திருவிழா என்ற தேசியக் கண்காட்சிக்காகத் தற்காலிகமாக எழுப்பப்பட்டது, இடிக்காமல் விட்டதால் தப்பியது என்று சிலர் பகிர்ந்திருக்கிறார்கள். அந்தத் திருவிழாவின் பெரும்பாலான கூடங்கள் அப்படித்தான் கட்டப்பட்டன என்பதால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இந்த அரங்கம் தொடக்கத்திலிருந்தே நிரந்தரக் கட்டடம்.

1941 குண்டுவீச்சில் குயின்ஸ் ஹால் அழிந்த பிறகு லண்டனுக்கு ஒரு பெரிய இசையரங்கம் தேவைப்பட்டது. மாநகர நிர்வாகமான லண்டன் கவுன்டி கவுன்சிலே இதைக் கட்டியது. பிரதமர் அட்லீ 1949-இல் அடிக்கல் நாட்டினார். பக்கத்து ஹங்கர்ஃபோர்டு ரயில் பாலத்தின் இரைச்சல் கச்சேரிக்குள் புகாமல் இருக்க, அரங்கைத் தூண்கள்மேல் உயர்த்தி, சுற்றிலும் முகப்புக்கூடங்களை அமைத்தார்கள். பெட்டிக்குள் முட்டை வைத்த மாதிரி. ஐந்து மாதக் கண்காட்சிக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்! (1983 முதல் அதே முகப்புக்கூடங்கள் டிக்கெட் இல்லாதவர்களுக்கும் பகலெல்லாம் திறந்திருக்கின்றன, எனக்குக் கச்சேரியைவிட அதுதான் பிடிக்கும்.)

சரிபார்ப்பது எளிது. ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பின் பாரம்பரியக் கட்டடப் பட்டியல் இணையத்தில் இலவசம். அரங்கின் பெயரைத் தேடினால் கட்டிய ஆண்டுகளும், 1988-இல் முதல்தரப் பாதுகாப்பு பெற்ற விவரமும் கிடைக்கும். அரங்கம் இருக்கும் தேம்ஸ் நதித் தென்கரையின் 1951 படத்தையும் 1953 படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: திருவிழாவுக்கென்று தற்காலிகமாக எழுப்பிய டோம் ஆஃப் டிஸ்கவரி என்ற கண்காட்சிக் கூடமும் ஸ்கைலான் என்ற உயரமான கோபுரமும் காணாமல் போயிருக்கும், அரங்கம் நிற்கும்.