நாலே முக்கால் பஸ்ஸும் நாலரை மணி கிளப்பும்

போன சனிக்கிழமை பொண்ணு ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங். ஒன்பதாவது படிக்கிறா. ரேங்க் கார்டு, பீஸ் பாக்கி, ரெட்டை ஜடை ஒழுங்கா போட்டு வர்றதில்லங்கிற பிராது எல்லாம் முடிஞ்சு செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்புறப்ப ஒரு பேப்பர நீட்டுனாங்க. அடுத்த வருஷம் டென்த், அதுனால இனி பன்னெண்டாவது முடியுற வரைக்கும் எந்த மன்றத்துலயும் எம்பொண்ணு இருக்க மாட்டா, எந்தப் போட்டிக்கும் அனுப்பச் சொல்லி நாங்க கேக்க மாட்டோம்னு கையெழுத்துப் போடணுமாம். மூணு வருஷத்துக்கு மொத்தமா! லோன் பேப்பர்லகூட இம்புட்டு கண்டிஷன் பாத்ததில்ல நான்.

ஏன் சார்னு கேட்டேன். "பிள்ளைங்களுக்கே இதுல இன்ட்ரஸ்ட் இல்ல சார், மன்றம் நாலரைக்கு வச்சா பத்து பேருகூட நிக்கிறதில்ல" அப்டின்னாரு. அடப்பாவிகளா, வேன் கிளம்புறது 4.20க்கு. நாலரைக்கு எப்டிய்யா நிப்பாங்க?

இந்த எடத்துல தான் எனக்கு என் கதை ஞாபகம் வந்துச்சு. எனக்கு ஊரு மேலூர் பக்கம், டவுன்ல இருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ள. ஸ்கூல் மேலூர்ல. சாயங்காலம் ஊருக்கு நாலே முக்காலுக்கு ஒரு பஸ், அத விட்டா ஏழு மணிக்கு. என்சிசில, அதான் தேசிய மாணவர் படையில, சேரணும்னு எனக்கு அம்புட்டு ஆசை, அந்த காக்கி டிரஸ்ஸுக்கும் பரேடு முடிஞ்சதும் குடுக்குற டிபனுக்கும் தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா பரேடு ஸ்கூல் விட்டதுக்கு அப்பறம். மொத நாள் நின்னேன், பஸ் போயிருச்சு, ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனா அய்யா வாசல்ல வெளக்குமாத்தோட நிக்கிறாரு. அதோட சரி. எங்க வகுப்புல என்சிசில இருந்தவன் எல்லாம் யாருன்னு பாத்தா டவுன்காரப் பயலுக, இல்லாட்டி சொந்தமா சைக்கிள் வச்சிருந்தவன். அதுல ரெண்டு பேரு பின்னாடி போலீஸ் வேலைக்குப் போனானுக, என்சிசி சர்டிபிகேட்டுக்குத் தனி மார்க் உண்டுல்ல. நான் தப்பு சொல்லல, அவனுக உழைச்சான். ஆனா நான் சேராததுக்குக் காரணம் இன்ட்ரஸ்ட் இல்லாதது இல்ல, பஸ்.

அதே ஸ்கூல்ல இலக்கிய மன்றம் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். அது டைம்டேபிள்லயே இருந்துச்சு, யாரும் கணக்குப் பாடத்துக்கு அத தூக்கிட்டுப் போகாம எங்க தமிழய்யா காவல் காத்தாரு. மைக் கிடையாது, மேடைன்னா ரெண்டு பெஞ்ச ஒட்டிப் போட்டது தான். மொத தடவ பேசுறப்ப கால் நடுங்கி அந்த பெஞ்சே ஆடுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு மதுரையில போய் பேச்சுப்போட்டில பேசுனேன். ஜெயிக்கல, ஆறுதல் பரிசுன்னு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்தாங்க, எங்க அப்பத்தா சாகுற வரைக்கும் வெத்தல அதுல தான் வச்சிருந்துச்சு. இன்னைக்கு நாலு கஸ்டமர் முன்னாடி நின்னு வாய் திக்காம பேசி யாவாரம் பண்றேன்னா அதுக்குக் காரணம் என் தெறமைன்னு சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்.

பிளஸ் ஒன்ல என்எஸ்எஸ், அதான் நாட்டு நலப்பணித் திட்டம், கேம்ப் போனதையும் சொல்லணும். அது காந்தி நூற்றாண்டுல, 1969ல, காலேஜ் பிள்ளைகளுக்காக ஆரம்பிச்சது, பின்னாடி பிளஸ் டூ வரைக்கும் வந்துச்சு. ஏழு நாளு ஒரு ஊர்ல தங்கி கம்மாய்க்குள்ள சீமக்கருவேல முள்ளு வெட்டுனோம். எனக்கு வெட்டுறத விட சமையக்கட்டுல தான் சோலி. அம்பது பேருக்கு சாம்பார் வச்சேன், உப்ப ரெண்டு பேரு தனித்தனியா போட்டுட்டோம். அன்னைக்கு அந்த ஊர் அம்மாக்கள் வீட்டுக்கு வீடு மோர் கொண்டாந்து குடுத்து எங்கள காப்பாத்துனாங்க.

சரி, எம்பொண்ணு கதைக்கு வர்றேன். அவ இருக்கிறது பசுமைப் படை, ஸ்கூல் பிள்ளைகளுக்கான சுற்றுச்சூழல் மன்றம், 2001ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம். நெறய ஸ்கூல்ல அது வருஷத்துக்கு ஒரு மரக்கன்னு, அதச் சுத்தி பதினஞ்சு பேரு, ஒரு போட்டோ, ஃபைல்ல ஒட்டியாச்சு, அம்புட்டுத்தான். அடுத்த வருஷமும் அதே குழில தான் கன்னு வைப்பாங்க. ஆனா இவங்க டீச்சர் ஒருத்தங்க ஒரு லீவு நாள்ல பிள்ளைகள அரிட்டாபட்டிக்கு கூட்டிட்டுப் போனாங்க. ஏழு குன்று, எழுவத்திரண்டு கண்மாய், லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, போனெல்லி கழுகு, பாறையில தமிழிங்கிற பழைய தமிழ் எழுத்துக் கல்வெட்டுன்னு ஒரு நோட்டு நெறய எழுதிட்டு வந்தா. தமிழ்நாட்டுல முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு 2022ல அறிவிச்சது அதத்தான். நான் பொறந்து வளந்தது அங்கருந்து கூப்புடு தூரம், எனக்கு அந்த மலையில கழுகு இருக்குன்னே தெரியாது.

2024 நவம்பர்ல அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட ஏலம் விட்ட விஷயம் வெடிச்சப்ப எங்க சொந்தக்காரங்க எல்லாம் வீட்ல உக்காந்து ஆளாளுக்கு வாட்ஸ்அப்ப வச்சு கத்திக்கிட்டு இருந்தோம். அப்ப எட்டாவது படிச்ச எம்பொண்ணு அந்த நோட்ட எடுத்துட்டு வந்து எந்தக் கண்மாய்க்கு எந்தப் பக்கம் இருந்து தண்ணி வருதுன்னு படம் போட்டுக் காமிச்சா. எங்க மாமா, ஆயுசு பூரா அந்தத் தண்ணியில வெவசாயம் பாத்த மனுசன், "ஆத்தா சொல்றது சரிதேன்"னு வாய மூடிட்டாரு. 2025 ஜனவரில அந்த ஏலத்த ரத்து பண்ணுனாங்க, அது ஊரே ரோட்டுல நின்னதால, எம்பொண்ணு நோட்டால இல்ல. ஆனா அந்த நோட்டு எந்த சிலபஸ்லயும் வராது.

வீட்டுக்காரம்மா இதுக்கு ஒத்துக்கல. "இஞ்சினியரிங் கட்ஆஃப் எரநூறுக்கு, மேத்ஸ் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி தான், கழுகு பாத்ததுக்கு அர மார்க் குடுப்பானா"ங்கிறா. குடுக்க மாட்டான். அவ சொல்றது நெசம், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா நான் கேக்குறது வாரத்துல ஒரே ஒரு பீரியட். நாப்பது நிமிசம். அத ஸ்கூல் நேரத்துக்குள்ள வைங்கன்னு தான். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2017-18ல வந்துச்சு, இப்ப 2025-26ல இருந்து அதையும் எடுத்தாச்சு. அந்த வருஷத்துலயாவது பிள்ளைக மூச்சு விடும்னு பாத்தா, இப்பவே ஆறாம் மாசத்துல இருந்து பிளஸ் டூ புக்கத் தொறந்துருவோம்னு அந்த மீட்டிங்ல பெருமையா சொல்றாங்க, கைதட்டு வேற. தட்டுனதுல பாதிப் பேரு என்னைய மாதிரி பஸ்ஸ விட்டவன் தான், மறந்துட்டான்.

அரசுப் பள்ளிக்கூடத்துல 2022ல இருந்து கலைத் திருவிழா, அறிவியலும் கணக்கும் செஞ்சு பாத்துப் படிக்க வானவில் மன்றம்னு என்னென்னமோ வந்திருக்கு. என் தங்கச்சி பையன் அங்க தான் படிக்கிறான், பறையடிக்கக் கத்துக்கிட்டான், வீட்ல தட்டு ஒண்ணு மிச்சமில்ல. பீஸ் கட்டுற நம்ம தான் கையெழுத்துப் போட்டு வேணாம்னு எழுதிக் குடுக்கணுமாம்.

அந்தப் பேப்பர் இன்னும் டிவி ஸ்டாண்டுல தான் கெடக்கு, திங்கக்கிழமை குடுக்கணும். பொண்ணு ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா, ஒண்ணும் கேக்கல. கையெழுத்துப் போடாம பின்பக்கத்துல 'வேன் 4.20, மன்றம் 4.30'னு மட்டும் எழுதி அனுப்பலாம்னு இருக்கேன்.