"அது சரியாகத்தானே சொன்னது" என்கிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் குடும்பக் குழுவில் நடப்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்: பெரியப்பாவின் உடம்பைப் பற்றிப் போனில் ஏஐ (கேட்டதற்குப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு) சொன்னதை நம்பியது சரியா என்ற சண்டை. பெரியப்பா வீடு திரும்பிவிட்டார், அதனால் பேசுகிறேன். பேசாமல் இருந்தால் ஏஐ பக்கம் நிற்கிறவர்கள் சொன்னதுதான் சரி என்றாகிவிடும்.

"ஏஐ தப்பா ஒண்ணும் சொல்லலையே அத்தை" என்கிறான் பெரியப்பாவின் பேரன். சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கால் வீங்குகிறது, மாத்திரையால் இருக்குமா என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். இருக்கலாம் என்று பதில் வந்திருக்கிறது. உண்மைதான். அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. பெரியப்பா அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினார். பன்னிரண்டாம் நாள் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். பிரஷர் 200-க்கு 110.

அவசரப் பிரிவில் டாக்டர் அவர் காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?" மூன்று. மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறதாம், மூன்று மாதமாக. பெரியம்மாவுக்குக்கூட அது நோயாகத் தெரியவில்லை. வயசானவர், உயரமாகப் படுக்கிறார், அவ்வளவுதான். கால் வீக்கத்துக்கு மாத்திரையும் காரணமாகலாம், இதயமும் காரணமாகலாம்; மட்டமாகப் படுத்தால் மூச்சு வாங்குவது இதயத்தின் பக்கம் கைகாட்டுகிறது. தலையணைக் கணக்கை யாரும் போனில் டைப் செய்யவில்லை. நாம் சொல்லாதது ஏஐக்குத் தெரியாது. நான் குழுவில் சொன்னது இந்த ஒரு வரிதான். அதற்குத்தான் "பழைய பஞ்சாங்கம்" என்ற பட்டம்.

எனக்கு இந்த பயம் சும்மா வரவில்லை. 2024 நவம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் விட்டது, லேசாக வயிற்று வலி. "காய்ச்சல் குறைந்துவிட்டது, வயிறு வலிக்கிறது" என்று ஏஐயிடம் கேட்டது வேறு யாருமில்லை, நான்தான். உடல் தேறி வருகிறது, மாத்திரையால் வயிறு புண்ணாகியிருக்கலாம், கஞ்சி கொடுங்கள் என்றது. எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? கஞ்சி வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவின் கையைத் தொட்டதும் முகம் மாறியது. "கை ஏன் சில்லுனு இருக்கு? ஒண்ணுக்கு எப்பப் போனாங்க?" காலையிலிருந்து போகவில்லை. நான் கவனிக்கவே இல்லை. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) வெறும் 31 ஆயிரம். தட்டணுவைவிட, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான் பயம் என்றார்கள். இரண்டு நாள் ஐசியூ வாசலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்கா அன்று கடைக்குப் போயிருந்தால்?

ஏஐ மருத்துவத் தேர்விலேயே பாஸாகிறதே என்கிறார்கள். ஆகட்டும். தேர்வுத் தாளில் நோயாளியைப் பற்றி வேண்டியதெல்லாம் அச்சடித்து இருக்கும். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தினர் 1,298 பேரை வைத்து ஆய்வு செய்தார்கள். முழு விவரத்தையும் நேரடியாகக் கொடுத்தபோது இந்த ஏஐ மாடல்கள் 94.9 சதவீதம் நோயைச் சரியாகச் சொல்லின. அதே மாடல்களோடு சாதாரண மக்கள் பேசிக் கண்டுபிடிக்க முயன்றபோது அது 34.5 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. மெஷினுக்குப் படிப்பு இல்லை என்று நான் சொல்லவே இல்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பது நமக்குத் தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

"கடைசியில் டாக்டரைப் பாருங்கள் என்று போட்டிருந்ததே." வாய்ப்புண்ணுக்கும் அதைத்தான் போடுகிறது, நெஞ்சுவலிக்கும் அதைத்தான் போடுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வரி இருந்தால் எழுபத்தாறு வயதுக் கண் அதைத் தாண்டித்தான் போகும்.

டாக்டர் மட்டும் நம்மைக் கேட்கிறாரா என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. 2017-இல் வந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சராசரியாக இரண்டு நிமிடம் என்றது. பெரியப்பாவும் கால் வீக்கத்தைப் போன தடவையே சொல்லப் போனாராம், "அடுத்து" என்று மணி அடித்துவிட்டார்களாம். அவமானமாக இருந்தது என்றார். போன் அவரை அவமானப்படுத்தவில்லை, இரவு பதினொரு மணிக்கும் பொறுமையாகப் பதில் சொன்னது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் நாலு பேர் இருந்தோமே? ஒருவரும் "ஏன் பெரியப்பா தூங்கலையா" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குழுவில் என்னைத் திட்டுகிறவர்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான் கூடப் போகிறேன். அவர் சாப்பிடும் ஏழு மாத்திரையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். தலையணைக் கணக்கை முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.