பூனைச் சிறுநீர்க் கறைக்குக் கொதிநீர் தீர்வன்று

கார்பெட் கழுவும் மெஷினில் கொதிநீரை ஊற்றி ஒருமுறை ஓட்டினால் பூனைச் சிறுநீரின் கறையும் நாற்றமும் முற்றிலும் போய்விடும் என்று ஒருவர் எழுதியிருப்பதைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். மிகுந்த சூடு சிறுநீரிலுள்ள புரதத்தைச் செயற்கை இழைகளோடு இறுகப் பிணைத்துவிடக்கூடும். வீட்டு மெஷின்களின் பிளாஸ்டிக் தொட்டியும் கொதிநீருக்காகச் செய்யப்பட்டதன்று. பூனைச் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் உண்டு. அது நாள்படச் சிதைவதால்தான் அந்தக் காட்டமான வாடை எழுகிறது. மேற்புறத்தை மட்டும் கழுவினால், அடியிலுள்ள மெத்தைப் படலம் வரை இறங்கிய சிறுநீர் அங்கேயே தங்கி, காற்றில் ஈரம் கூடும் நாளில் மீண்டும் நாறும். ஆகவே முதலில் பழந்துணியால் ஒற்றியெடுத்து, என்சைம் திரவத்தை (கறையைச் சிதைக்கும் நொதிகள் கொண்டது) சிறுநீர் இறங்கிய அதே ஆழம் வரை ஊறுமாறு ஊற்றி, புட்டியில் குறித்துள்ள நேரம் வரை காயாமல் விட்டு, அதன் பிறகே மெஷினால் அலசி உறிஞ்ச வேண்டும். இந்த ஊறவிடும் பொறுமைதான் வேலையில் பெரும்பகுதி என்பது என் உறுதியான கருத்து. மலமோ வாந்தியோ இருந்தால் அள்ளிய பின்பே மெஷினை வையுங்கள், இல்லையேல் பிரஷ் அதை இழைகளுக்குள் தேய்த்துப் பரப்பிவிடும். ப்ளீச்சை மட்டும் சேர்க்கவே கூடாது, ஏனெனில் சிறுநீரின் அம்மோனியாவோடு கலந்தால் அது நச்சுவாயுவைக் கிளப்பும்.