பை தருவார்கள், நோட்டு தருவார்கள், டீச்சருக்குச் சம்பளம் மட்டும் தர மாட்டார்கள்

“பட்ஜெட்டில் உள்ள ஆசிரியர் ஊதியத்தை நீக்கிவிட்டு மீண்டும் சமர்ப்பிக்கவும்.” இவ்வளவுதான் பதில். நன்கொடை கேட்டு ஒரு கம்பெனிக்கு எத்தனையோ பக்கம் எழுதி அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஒற்றை வரி. ஒரு வணக்கம்கூடக் கிடையாது.

நாங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். எட்டாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள் பள்ளி விட்டதும் வருவார்கள். பெரும்பாலும் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். இடம் ஊர் சமுதாயக் கூடம், வாடகை இல்லை. கரும்பலகை இருக்கிறது. கரண்ட் பில்லை ஊர்க்காரர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். ஆக, மையத்துக்கு என்று உருப்படியாக இருக்கிற ஒரே செலவு, கணக்கும் இங்கிலீஷும் சொல்லித்தருகிற இரண்டு பெண்களின் சம்பளம். அதை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது கரும்பலகைதான். அதற்கு எதற்கய்யா நன்கொடை?

ஏதோ ஒரு கம்பெனியின் கிறுக்குத்தனம் என்றால் விட்டுவிடலாம். போகிற இடமெல்லாம் இதே பாட்டுதான். பை தருகிறோம் சார், நோட்டு தருகிறோம், ஸ்மார்ட் போர்டு மாட்டித் தருகிறோம். அந்த போர்டு முன்னால் நின்று யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டால், “உங்களிடம் வாலண்டியர்கள் இல்லையா?” என்கிறார்கள். இருக்கிறார்கள். பி.எட். முடித்துவிட்டு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதி, எப்போது போஸ்டிங் போடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிற பெண். பஸ் காசு கொடுத்து வந்து, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போய், “இன்னிக்கும் சும்மாதான் போயிட்டு வர்றியா?” என்ற கேள்வியையும் வாங்கிக்கொள்கிற பெண். எத்தனை மாதம் தாங்குவாள்? பிள்ளைகளுக்கு மாலையில் வீட்டுப் பக்கத்திலேயே பாடம் சொல்லித்தர 2021-ல் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கிய தமிழக அரசாங்கம், தன்னார்வலர் என்று பெயர் வைத்தாலும் மாதம் 1,000 ரூபாய் கொடுத்தது. அது போதுமா என்பது வேறு சண்டை. சொல்லித்தருகிறவர் கையில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற அளவுக்காவது அங்கே யாருக்கோ உறைத்திருக்கிறது.

சம்பளம் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, வருஷத்துக்கு 5 கோடியோ அதற்கு மேலோ லாபம் பார்க்கிற கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழித்தே ஆக வேண்டும். அந்தப் பணத்தில் நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருக்கிறது. சரி. யாருடைய நிர்வாகச் செலவு? சிஎஸ்ஆர் என்கிற இந்தச் சமூகப் பொறுப்பு வேலையை நிர்வகிக்கக் கம்பெனி செய்கிற செலவு. ஒரு திட்டத்தை நடத்துவதற்கு நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று அதே விதியில் தெளிவாக எழுதியிருக்கிறது. வகுப்பில் நின்று அல்ஜீப்ரா சொல்லித்தருவது திட்டம் இல்லையாம், நிர்வாகமாம்! அப்படியானால் திட்டம் என்பது என்ன, நோட்டு அட்டையில் அச்சடிக்கிற லோகோவா?

அடுத்தது மார்ச் மாதக் கூத்து. ஜூனில் பள்ளி திறக்கும்போது அனுப்பிய விண்ணப்பத்துக்கு மூச்சே விட மாட்டார்கள். பிப்ரவரி முடியும்போது போன் வரும். “சார், கொஞ்சம் ஃபண்ட் இருக்கிறது, மார்ச் 31-க்குள் முடித்தாக வேண்டும், பில்லோடு ரெடியாக இருப்பீர்களா?” நிதியாண்டு முடிவதற்குள் செலவாகாத பணத்தை அடுத்த ஆறு மாதத்துக்குள் பிரதமர் நிவாரண நிதி மாதிரி சட்டம் சொல்கிற ஒரு நிதிக்கு மாற்ற வேண்டியிருக்கும், அந்த அவசரம் அவர்களுக்கு. மார்ச்சில் சம்பளத்துக்கு எப்படி ஒரே அடியாக பில் போடுவது? பைக்குப் போடலாம். அதனால் பை வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை பொதுத்தேர்வுக்கு உயிரை விட்டுப் படிக்கிற நேரத்தில் ஃப்ளெக்ஸ் கட்டி, அவளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, லோகோ காமிராவுக்குத் தெரிகிற மாதிரி பையைத் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறார்கள். இத்தனைக்கும் தொடர் திட்டம் என்று எடுத்துக்கொண்டால், தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டு வரைக்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. யாருக்கு அந்தத் தலைவலி? பை என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும், படமும் கிடைத்துவிடும்.

காகிதங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, சொன்னால் விடிந்துவிடும். வருமான வரித்துறையின் 12ஏபி, 80ஜி பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கு அரசு தருகிற தர்பன் எண், சிஎஸ்ஆர் பணம் வாங்க 2021-லிருந்து சிஎஸ்ஆர்-1 பதிவு, அதற்கு டிஜிட்டல் சிக்னேச்சர், ஆடிட்டர் சான்று, மூன்று வருட அனுபவத்துக்கு ஆதாரம். டிரஸ்ட் பெயரில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், கணக்குக் கேட்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஏமாற்றுக்காரர்களிடம்தான் எல்லாக் காகிதமும் பக்காவாக இருக்கும்! புரொபோசல் எழுதித்தரக் கமிஷனுக்கு ஆளே வைத்திருப்பார்கள். நாங்கள் ஆடிட்டர் ஃபீஸுக்கே ஊரில் கைமாற்று வாங்குகிறோம். அந்த ஃபீஸை பட்ஜெட்டில் காட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். கூடாது. அதுவும் நிர்வாகம்.

இதற்கெல்லாம் மேலே சக்சஸ் ஸ்டோரி என்று ஒன்று கேட்பார்கள். பையன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தான் என்று எழுதினால் போதாது. “கொஞ்சம் எமோஷனலாக வேண்டும் சார், அப்பா குடிப்பாரா?” இதை என் காதால் கேட்டேன். அந்தப் பையனுக்குப் பதினைந்து வயது. அவன் பெயர், படம், அப்பாவின் குடி எல்லாம் ஒரு வழவழப்பான ஆண்டறிக்கையில் வர வேண்டுமாம். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் எவனாவது அதைக் காட்டிச் சிரித்தால் யார் பொறுப்பு? முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து அப்புறம் போனே வரவில்லை.

கொடை என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குத் தெரியாமல் இல்லை. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவர்கள் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. அது அணையாமல் எரிய நெய் வேண்டுமே என்று ‘சாவா மூவாப் பேராடு’ என்று ஆடுகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அங்கே இருந்த வேதக் கல்லூரியின் 340 மாணவர்களுக்கு இவ்வளவு நெல், சொல்லித்தருகிற ஆசிரியருக்கு இவ்வளவு நெல் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். (எங்கள் பிள்ளைகளை அந்தக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள் என்பதும் தெரியும், பழம்பெருமை பேச வரவில்லை.) ஆசிரியருக்குப் படியளக்காமல் பாடம் நடக்காது என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கல் வெட்டியவனுக்குப் புரிந்திருக்கிறது. ஏசி அறையில் எக்செல் ஷீட்டோடு உட்கார்ந்திருக்கிறவருக்குப் புரியவில்லை.

இவ்வளவையும் தாண்டி வந்தால் விண்ணப்பத்தின் கடைசிக் கேள்வி காத்திருக்கும். நிதி நின்ற பிறகு இந்த மையம் எப்படித் தன் காலில் நிற்கும்? ஐந்நூறு எழுத்துக்குள் விளக்கவும். என்ன விளக்குவது? பிள்ளைகளை ஊதுபத்தி உருட்டச் சொல்லி விற்றுப் பிழைத்துக்கொள்வோம் என்று எழுதவா? இந்தக் கேள்வியைத் தயாரித்தவரின் பிள்ளை படிக்கிற பள்ளி எப்படித் தன் காலில் நிற்கிறது? இவர் வருஷா வருஷம் ஃபீஸ் கட்டுகிறார், அதனால் நிற்கிறது. கட்டுவதை நிறுத்தினால் அந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஃபீஸைக் கட்ட ஆள் இல்லை, அதனால்தான் உங்களிடம் வந்து நிற்கிறோம். இதைக்கூடச் சொன்னால்தான் தெரியுமா?

சரி, சொல்லியே விடுவோம் என்று இதையே அந்தப் பெட்டியில் தமிழில் அடித்துப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகள் மட்டுமே அனுமதி என்று சிவப்பில் காட்டுகிறது.