பட்டன் அமுக்குற காசு

சனிக்கிழமை காதுகுத்து மண்டபத்தில் என்ன நடந்தது என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மற்றவர்கள் வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். திரும்பச் சொல்லப் போவதில்லை. போட்டோ எடுத்த என்னைப் பார்த்து, "பட்டன அமுக்குறதுக்கு இவ்வளவு காசாய்யா?" என்று விசேஷ வீட்டு அண்ணன் அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, அந்த வார்த்தைதான் மூன்று நாளாகத் தூங்கவிடவில்லை.

பட்டனை யார் வேண்டுமானாலும் அமுக்கலாம். குழந்தையைப் படம் எடுக்கக் காத்திருக்கத் தெரிய வேண்டும். அன்றைக்குத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து ஆசாரி காது குத்தும்போது முப்பது போன் நீண்டிருந்தது. குழந்தை வீறிட்டதும் எல்லாரும் எடுத்துவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. அழுகை அடங்கி, தேம்பலும் அடங்கி, அது ஒரு கையால் காதைத் தொட்டுக்கொண்டு மாமன் முகத்தை நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் இருபது நிமிஷம் முட்டி போட்டுக் கிடந்தேன். இதுவா பட்டன் அமுக்குவது?

அப்பா பழங்காநத்தத்தில் ஸ்டுடியோ வைத்தபோது 120 என்கிற ஃபிலிம் ரோல்தான். யாஷிகா கேமராவில் ஒரு ரோலுக்கு 12 படம். குப்புற விழப் பழகிய பிள்ளையை வெல்வெட் விரித்த மேசையில் போட்டு, அம்மா கிலுகிலுப்பையை ஆட்ட, அது தலையைத் தூக்குகிற அந்த ரெண்டு நொடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தப்பினால் ஒரு படம் போச்சு. ராத்திரி நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக டச்சிங் செய்வார். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும், அம்மைத் தழும்பு அப்படித்தான் மறையும். அறுபது வயசுக்கு முன்பே அவர் கண் மங்கிப் போனது.

"போன்லயே அருமையா வருதே" என்பீர்கள். வருகிறது, மறுக்கவில்லை. என் மகள் முதல் அடி வைத்ததை நானும் போனில்தான் எடுத்தேன். "ரேட் ஜாஸ்தி" என்கிறவர்களுக்கு: கேமராவுக்குத் தவணை, ஆல்பத்துக்கு லேப் காசு, லைட் பிடிக்கிற தம்பிக்குச் சம்பளம். மிச்சம் எவ்வளவு என்று சொன்னால் கேட்டவர்தான் சங்கடப்படுவார்.

இன்னொருத்தர், "இன்டர்நெட்ல பச்சைக்குழந்தை ரெண்டு கையிலயும் தாடையை ஊன்றித் தூங்குது, உங்களுக்கு அது வராதா?" என்று கமென்ட் போட்டிருந்தார். ஐயா, முறையாக எடுத்தால் அது ஒரே படம் இல்லை. ஒரு படத்தில் ஒருத்தர் தலையைப் பிடித்திருப்பார், அடுத்ததில் பிள்ளையின் கைகளைப் பிடித்திருப்பார். ரெண்டையும் சேர்த்து, பிடித்த விரல்களை அழித்துவிடுவார்கள். பச்சைப்பிள்ளைக் கழுத்து தலையைத் தாங்காது. பிடிக்க ஆள் இல்லாமல் அப்படி உட்காரவைக்கவே கூடாது. இதைத் தெரிந்து வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான் காசு கேட்கிறேன்.

போன மாசம் செல்லூரிலிருந்து ஒருத்தர் வந்தார். முந்தின நாள்தான் அவர் அப்பா தவறிப் போயிருந்தார். போனில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. எல்லாவற்றிலும் பெரியவர் ஓரத்தில் பாதி முகமாக, இல்லையென்றால் பேரப்பிள்ளைக்குப் பின்னால் மங்கலாக. மாலை போட ஒரு படம் இல்லை. எங்க அப்பாவின் நெகட்டிவ் பெட்டியைக் கிளறினேன். 1989 என்று அவர் கையால் எழுதிய கவரில் அந்தக் குடும்பமே இருந்தது. அழகர்கோவிலில் முடியிறக்கிவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார்கள். பெரியவர் மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பையன். அந்தப் பையன்தான் என் முன்னால் நின்றுகொண்டிருந்தவர். பெரியவர் முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தேன். வந்தவர் நெகட்டிவைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே அழுதார். அன்றைக்குப் பட்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் சண்டைக்கு வரவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்த வார்த்தை எங்க அப்பாவையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அப்புறம் அண்ணே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஆல்பம் வியாழக்கிழமை ரெடியாகிவிடும். பாக்கியைக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். பாப்பா காதைத் தொட்டுக்கொண்டு மாமனைப் பார்க்கிற படத்தைத் தனியாகப் பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.