வாளித் தண்ணீரில் ஒரு சென்சார்

போன வாரம் எங்கள் மில்லில் ஒரு கூட்டம். ஐரோப்பாவில் இருந்து ஒரு பையரின், அதாவது எங்களிடம் துணி வாங்கும் கம்பெனியின், ஆட்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். அடுத்த சீசனில் இருந்து ஒவ்வொரு டி-ஷர்ட்டிலும் ஒரு க்யூஆர் கோடு வேண்டும் என்றார்கள். அதைப் போனில் காட்டினால் பருத்தி எந்த நாட்டில் விளைந்தது, நூல் எங்கே நூற்றது, எந்தத் தேதியில் சாயம் போட்டது, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவானது என்று எல்லாம் வர வேண்டும். எல்லா விவரமும் பிளாக்செயினில் ஏறும், ஏறிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது என்று அவர்களில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவர் அதைச் சொன்னதும் எனக்குத் திருப்பூரில் பார்த்த ஒரு வாளி ஞாபகம் வந்துவிட்டது. ஒரு வாரமாக அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மொரீஷியஸ் வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் திருப்பூர் சாயப்பட்டறைகளில் வேலை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நொய்யல் ஆறு சாயத் தண்ணீராய் ஓடி, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறெல்லாம் உப்பாகிப்போன பிறகு வந்த தீர்ப்பு அது. கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்த வேண்டும், வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது என்ற கட்டாயம் அதற்குப் பிறகுதான் உண்மையிலேயே இறுகியது. அப்புறம் மீட்டர்கள் வந்தன, சென்சார்கள் வந்தன.

ஒரு பட்டறையில் இரவு ஷிப்ட். சுத்திகரிப்புத் தொட்டி பக்கம் போனேன். தண்ணீரில் அமிலமும் காரமும் எவ்வளவு என்று அளக்க தொட்டிக்குள் தொங்க வேண்டிய பிஹெச் சென்சார் பக்கத்தில் ஒரு நீல வாளிக்குள் கிடந்தது. வாளியில் குழாய்த் தண்ணீர். வாளியின் மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு மூடியிருந்தார்கள், தூசி விழக் கூடாது என்று. ஆபீஸுக்குள் வந்து பார்த்தால் திரையில் பச்சை எழுத்தில் 7.2, நல்ல தண்ணீருக்கு வரும் அளவு. விடிய விடிய 7.2. சென்சார் பொய் சொல்லவில்லை. அது இருந்த தண்ணீரின் அளவு அதுதான். அதை எடுத்துத் தொட்டிக்குள் போடுங்கள் என்று சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை. இன்னமும் அது உறுத்துகிறது.

அந்த 7.2 பிளாக்செயினில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பிளாக்செயின் என்றால் என்னமோ என்று நினைக்க வேண்டாம். பழைய கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடருவார்கள். நடுவில் ஒரு பக்கத்தை யாராவது திருத்தினால் அதற்குப் பின்னால் வரும் பக்கம் எல்லாம் இடிக்கும். அதே ஏற்பாடுதான் இங்கேயும். பதிவுகளை பிளாக் என்று கட்டுக்கட்டாகச் சேர்ப்பார்கள், ஒவ்வொரு கட்டுக்குள்ளும் முந்தைய கட்டின் அடையாள எண் இருக்கும், பேரேட்டின் நகல் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் பலரிடம் இருக்கும். பின்னால் வந்து திருத்துகிற திருட்டை இது நன்றாகத் தடுக்கும். எழுதும்போதே பொய்யாக எழுதினால்? அந்தப் பொய்யையும் அதே கவனத்தோடு பத்திரப்படுத்தும். எந்த ஆடிட்டரும் பிறகு அதைச் சந்தேகப்பட மாட்டார், மாற்றவே முடியாத பதிவு ஆயிற்றே.

இதைச் சொன்னால் நான் மெஷினுக்கு எதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லவே இல்லை. என் வேலையில் பாதி சென்சாரை நம்பித்தான் நடக்கிறது.

துணி பின்னுகிற நிட்டிங் மெஷினையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 அங்குல விட்டம், 24 கேஜ் (அங்குலத்துக்கு 24 ஊசி) என்றால் வட்டமாகச் சுமார் 2260 ஊசிகள். அதில் ஒரே ஒரு ஊசியின் கொக்கி உடைந்தால் போதும், துணியின் நீளம் முழுக்கத் தலைமுடி அளவில் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். வெள்ளைத் துணியில் கண்ணுக்கே தெரியாது. நேவி ப்ளூ சாயம் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு ரோல் என்ற கணக்கில் துணி ஓடியிருக்கும். நூலும் போச்சு, சாயமும் போச்சு, தண்ணீரும் போச்சு. மழை பொய்த்தால் மார்-ஓ-வாக்கோவா ஏரி இறங்குகிறது என்று சொல்லி குழாய் நேரத்தைக் குறைக்கிற நாடு இது. இங்கே ஒரு லாட் துணியை ரீடையிங், அதாவது மறுபடி சாயம், போடுவது எனக்குப் பணத்தை விடத் தண்ணீர் விஷயமாகத்தான் வலிக்கும். இப்போது மெஷினுக்குள் சின்னக் கேமரா சுற்றுகிறது. கோடு விழுந்த கொஞ்ச நேரத்தில் மெஷின் தானே நின்று சிவப்பு விளக்கு எரிகிறது. இதை எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

இந்த யோசனை புதிதும் இல்லை. ஜப்பானில் சகிச்சி தொயோதா 1924-ல் செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். ஐந்து வருஷம் கழித்து இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதன் உரிமையை விலைக்கு வாங்கியது. அவருடைய மகன்தான் பிறகு கார் தொழிலில் இறங்கினார், அது டொயோட்டா. ஒரு ஆள் ஒரு தறியை விடாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், தவறு நடந்தால் தறி கூப்பிடட்டும், அந்த நேரத்தில் அவர் வேறு வேலை பார்க்கட்டும் என்பதுதான் அன்றைய எண்ணம்.

நூறு வருஷத்துக்குப் பிறகு துணியில் குறை பார்க்கும் எங்கள் செக்கிங் மேசைக்கு வந்தது கொஞ்சம் வேறு மாதிரி.

செக்கிங்கில் ஒரு அக்கா இருக்கிறார். ரோஸ்ஹில் பக்கம் வீடு. தமிழ் வம்சம், ஆனால் பேச்சு எல்லாம் இந்தத் தீவின் கிரியோல் மொழி. கோவிலில் பாடுகிற பாட்டு மட்டும் தமிழில் வரும். காவடி நேரத்தில் பத்து நாள் விரதம் இருந்துகொண்டே ஷிப்டுக்கு வருவார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை மிஸ்யே என்பார், ஐயா என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாகத் துணி பார்க்கிறார். ஏஐ கேமரா வாங்கியபோது அதற்குக் கற்றுக்கொடுக்க இவரையும் இன்னும் இரண்டு பேரையும் உட்கார வைத்தோம். மூன்று மாதம். திரையில் ஒவ்வொரு படமாக வரும். ஓட்டையா, ஊசிக் கோடா, எண்ணெய்க் கறையா, வேறு நிறப் பஞ்சு ஒட்டியதா, ஒன்றுமே இல்லையா என்று பார்த்து ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு படங்கள்.

ஒரு நாள் கேமரா ஊசிக் கோடு என்று காட்டிய ஒரு ரோலை அக்கா மேசையில் விரித்தார். மேல்பக்கம் பார்த்தார். சட்டென்று துணியைப் புரட்டிப் போட்டு, பின்பக்கத்தில் நகத்தை வைத்து மெதுவாகக் குறுக்கே இழுத்தார். ஓர் இடத்தில் நகம் லேசாகத் தடுக்கியது. ‘கெத் சா, மிஸ்யே’ என்றார், இதைப் பாருங்கள் என்று. ஊசி நன்றாகத்தான் இருக்கிறது, சிங்கர் (ஊசிகளுக்கு இடையில் துணியைப் பிடித்துக்கொள்ளும் தகடு) தேய்ந்திருக்கிறது என்றார். மெக்கானிக் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். அக்கா சொன்னதுதான். கேமராவுக்கு மேல்பக்கம் மட்டும்தான் தெரியும், அது சொன்னபடி கேட்டிருந்தால் நல்ல ஊசியை மாற்றிவிட்டு அதே கோட்டோடு மறுபடி துணி ஓட்டியிருப்போம். அன்றைக்கே கேமரா கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லி, பின்பக்கத்துக்கும் ஒரு கேமரா வைத்தோம். இப்போது அந்த மெஷினுக்கு ஊசிக்கும் சிங்கருக்கும் வித்தியாசம் தெரியும். அந்த அறிவு அக்காவின் நகத்தில் இருந்து போனது.

சரி, அக்காவுக்கு என்ன கிடைத்தது? செக்கிங்கில் இருந்த பதினான்கு பேர் ஆறு பேர் ஆனார்கள். மற்ற எட்டுப் பேருக்கு வேலை போகவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஆனால் செக்கிங்குக்கு என்று இருந்த தனிப் படி போய்விட்டது. அக்கா ஆறு பேரில் ஒருவராக இருக்கிறார். மூன்று மாதம் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததற்கு ஒரு ரூபாய் கூடுதலாக வரவில்லை. நிர்வாகத்தில் கேட்டேன். அது ஷிப்ட் நேரத்தில் செய்த வேலைதானே என்றார்கள். துணி பார்க்கிற ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி, நியாயம். இருபத்தாறு வருஷத் திறமையை எடுத்து ஒரு மெஷினில் ஊற்றிக் கொடுப்பதற்கும் அதே கூலி என்றால் எனக்கு அது நியாயமாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செக்கிங் சுலபமான வேலை இல்லை. எட்டு மணி நேரம் நின்றபடி ஓடுகிற துணியைப் பார்த்தால் கண் எரியும், கால் வீங்கும். இங்குள்ள பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. ஹோட்டலுக்குப் போகிறார்கள், எபென் சைபர் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிருந்த மில்கள் பல மடகாஸ்கரிலும் தைக்கின்றன. இங்கே மிஞ்சியிருப்பது நிற்க வேண்டுமானால் மெஷின் வேண்டும். அரசாங்கமும் 2018-லேயே ஏஐக்கு என்று ஒரு திட்ட அறிக்கை போட்டது, அதில் உற்பத்தித் தொழிலும் உண்டு. எனக்கு இதில் எல்லாம் சண்டை கிடையாது.

பையர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா பக்கத்தில் தையல் கம்பெனிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அங்கே எந்தெந்த பிராண்டுக்குத் தைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இடிபாட்டுக்குள் லேபிள் பொறுக்க வேண்டி வந்தது. எங்கள் தையல் பிரிவில் வங்கதேசத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சீனாவின் சின்ஜியாங் பருத்தியில் கட்டாய உழைப்பு இருக்கிறது என்பதால் 2022 ஜூனில் இருந்து அமெரிக்கா அங்கிருந்து வரும் சரக்கை நிறுத்துகிறது, அதனால் எந்தப் பருத்தி என்று நிரூபித்தாக வேண்டும். ஒவ்வொரு பொருளின் விவரமும் கூடவே வர வேண்டும் என்கிற ஐரோப்பாவின் டிஜிட்டல் பாஸ்போர்ட் சட்டம் 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது, முதலில் எடுத்துக்கொள்ளும் பொருள்களில் துணியும் ஒன்று. ஆகவே யார் எங்கே செய்தது என்ற கேள்வி இனிப் போகப் போவதில்லை. போகவும் கூடாது.

பிளாக்செயின் என்ற பெயர் மட்டும் நம்மைக் காப்பாற்றாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்மும் சேர்ந்து கப்பல் சரக்குக்காக டிரேட்லென்ஸ் என்று ஒரு பிளாக்செயினை 2018-ல் பெரிதாகத் தொடங்கினார்கள். 2022 நவம்பரில் மூடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். தொழில்நுட்பம் கெட்டுப்போகவில்லை, எல்லோரும் சேர்ந்து ஒரே பேரேட்டில் எழுத முன்வரவில்லை.

இப்போது அந்தக் கூட்டத்துக்கு வருகிறேன். பையர் கொடுத்த படிவத்தை அன்று இரவு முழுக்கப் படித்தேன். பருத்திக்குக் கட்டம் இருக்கிறது, சாயத்துக்கு இருக்கிறது, உப்புக்கும் சோடாவுக்கும் நீராவிக்கும் இருக்கிறது. தொழிலாளிக்கு இருக்கிற கட்டம் ஒன்றே ஒன்று: எண்ணிக்கை. வங்கதேசத்துப் பையன் ஒருவன் தையலில் இருக்கிறான். இங்கே வர ஊரில் ஏஜெண்டுக்குக் கொடுத்த கடனை இரண்டு வருஷமாகக் கட்டிக்கொண்டிருக்கிறான். வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சி தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-வது ஒப்பந்தம் 1997-லேயே சொல்கிறது. அவன் தைத்த சட்டையை ஐரோப்பாவில் ஒருவர் ஸ்கேன் செய்தால் பருத்திச் செடி நின்ற நாடு தெரியும், தண்ணீர் லிட்டர் கணக்கில் தெரியும். அவன் கடன் தெரியாது, அவன் ஓவர்டைம் தெரியாது.

மறுநாள் அவர்களிடம் மூன்று விஷயம் கேட்டேன். வேலைக்கு வர எவ்வளவு செலவழித்தாய் என்று ஒரு கட்டம் வேண்டும், அதைத் தொழிலாளி தன் போனில், தன் மொழியில், மில் வழியாக இல்லாமல் நேராக நிரப்ப வேண்டும். ஏஐக்குக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயரும் மணி நேரமும் பதிவாக வேண்டும், அதற்குத் தனிக் கூலி வேண்டும். அப்புறம், கழிவுநீர் சென்சார் எங்கே தொங்குகிறது என்று முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கண்ணால் பார்க்கிற ஓர் ஆள் வேண்டும். அந்த வாளிக் கதையையும் சொன்னேன். அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. முதலாவதையும் மூன்றாவதையும் பையரின் ஆட்களில் ஒரு அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். இரண்டாவதைக் கேட்டதும், அது எதற்கு என்றார். செக்கிங் மேசைக்குக் கூட்டிப்போய் அக்காவைத் துணியைப் புரட்டிக் காட்டச் சொன்னேன். அந்த அம்மாவும் தன் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். அவருக்கு எதுவும் தடுக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி கூட்டம். திருப்பூரிலும் கரூரிலும் இந்த மாதிரிப் படிவத்தை ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இருந்தால், உங்கள் பையர் தொழிலாளி பக்கத்துக்கு எத்தனை கட்டம் வைத்திருக்கிறார், அதை யார் நிரப்புகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். கம்பெனி பெயர் வேண்டாம். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் அச்செடுத்துக் கையோடு கொண்டுபோவேன்.