போணி ஆகாத போனி எம்

ராமநாதன்: அந்தோணி, போனி எம் ஓட மாட்டேன் என்கிறதப்பா.

அந்தோணி: எனக்கும் அதே கதைதான் சார். மணி பத்தரை. இன்னும் போணியே ஆகவில்லை.

ராமநாதன்: உன் போணியைக் கேட்கவில்லை. போனி எம். எழுபதுகளின் டிஸ்கோ குழு. அவர்கள் பாட்டு. டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரைத் தூக்க முடியாமல் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

அந்தோணி: அப்போது ஆட்டோக்காரருக்குப் போணி ஆகிவிட்டது. சரி, வையுங்கள். என்ன கோளாறு?

ராமநாதன்: குரல்தான். பாடகர் பாபி ஃபேரல் குரல் மாறிவிட்டது. கிணற்றுக்குள் விழுந்தவன் கூப்பிடுகிற மாதிரி இழுக்கிறது.

அந்தோணி: (பட்டனை அழுத்தி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டுவிட்டு) இது பாபி ஃபேரல் குரலே இல்லை சார்.

ராமநாதன்: பார்த்தாயா! அதைத்தானே நானும் சொல்கிறேன்.

அந்தோணி: நீங்கள் சொல்வது வேறு. நான் சொல்வது வேறு. இது அவர் குரல் இல்லை.

ராமநாதன்: சரி, இல்லை. பெல்ட் போய்விட்டதா?

அந்தோணி: பெல்ட்டும் போய்விட்டது.

ராமநாதன்: அதை மாற்றினால் பாபி ஃபேரல் வந்துவிடுவாரா?

அந்தோணி: பெல்ட் என்ன, மோட்டாரையே மாற்றினாலும் வர மாட்டார்.

ராமநாதன்: ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால்?

அந்தோணி: ஹெட் சுத்தமாகும்.

(பின்பக்க மூடியைக் கழற்றினார். பெல்ட் கருப்பட்டிப் பாகு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு நூலாக வந்தது. அதை அவர் ராமநாதன் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.)

ராமநாதன்: எது போனாலும் மாற்று. எனக்கு அந்தக் குரல் வேண்டும். பேத்தி போனில் ஏதோ போட்டுக் கேட்கிறாள், அதெல்லாம் குரலா? சுருதி போனால் மெஷின் பிடித்துக் கொடுக்கிறதாம். பாடத் தெரியாதவன்கூடப் பாடிவிடலாமாம். நம் காலத்தில் மெஷினா இருந்தது? தொண்டை! தொண்டை இருந்தவன் பாடினான், இல்லாதவன் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

அந்தோணி: இல்லாதவர் மேடையில் நின்றார் சார். இருந்தவர்தான் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

ராமநாதன்: யாரைச் சொல்கிறாய்?

அந்தோணி: உங்கள் பாபி ஃபேரலைத்தான். போனி எம் ரெக்கார்டுகளில் அவர் பாடவே இல்லை.

(இந்த இடத்தில், அந்த ரிப்பேர் கடையில் காத்திருந்த நான், மடியிலிருந்த மிக்ஸி ஜாரைக் கீழே வைத்தேன். மூன்று நாளாக 'நாளைக்கு சார்' என்று சொல்லப்பட்டு வரும் ஜார் அது. பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று தோன்றியது.)

ராமநாதன்: உளறாதே. நான் வீடியோவில் பார்த்திருக்கிறேன். நெஞ்சைத் திறந்துபோட்டுக்கொண்டு, குதித்துக் குதித்து, அப்படியே மைக்கைப் பிடித்து...

அந்தோணி: குதித்தது அவர்தான். அதில் சந்தேகமே வேண்டாம்.

ராமநாதன்: அப்போது அந்தக் கனத்த குரல்?

அந்தோணி: ஃப்ராங்க் ஃபாரியன். ஜெர்மன்காரர், தயாரிப்பாளர். வாலிபத்தில் சமையல் கற்றவராம்.

ராமநாதன்: சமையல்காரனா?

அந்தோணி: எதில் எதைக் கலக்கலாம் என்று தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பதிந்து 1975இல் வெளியிட்டார். கனத்த குரலும் அவரே, மேலே கீச்சென்று வருகிற குரலும் அவரே. தன் பெயரைப் போடாமல், டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடரிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார். போனி. பாட்டு விற்றுவிட்டது. டி.வி.க்காரர்கள், 'குழுவை அனுப்புங்கள்' என்று கேட்டார்கள். குழு எங்கே இருக்கிறது? அப்புறம்தான் ஆள் தேடினார்.

ராமநாதன்: கடையே இல்லாமலா?

அந்தோணி: கடை திறப்பதற்கு முன்னாலேயே போணி. எனக்குக் கடை திறந்து நாற்பது வருஷம் ஆகிறது, இன்றைக்கு இன்னும்...

ராமநாதன்: அதை விடு. அந்தப் பெண்களாவது பாடினார்களா, இல்லை, அதுவும் அந்தச் சமையல்காரன்தானா?

அந்தோணி: லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் பாடினவர்கள்தான். இன்னொருவர், மெய்ஸி வில்லியம்ஸ், ரெக்கார்டில் இல்லை. நாலு பேரில் பாதிப் பேர் நிஜம். இந்தக் காலத்துக்கு அது நல்ல கணக்குதான்.

ராமநாதன்: வாயசைத்திருக்கிறான்! ராஸ்கல், நாற்பது வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறான்!

அந்தோணி: ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் 'அவர்' என்றீர்கள்.

ராமநாதன்: வாயசைக்கிறவனுக்கு என்ன 'அவர்'?

அந்தோணி: சரி. எம்.ஜி.ஆர். படத்துக்கு முதல் நாள் முதல் ஷோ போனேன், பாட்டுக்குப் பாட்டு விசில் அடித்தேன் என்று போன மாதம் இதே ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது யார்?

ராமநாதன்: அது வேறு! அது சினிமா. டி.எம்.எஸ். பாடுகிறார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டைட்டிலில் பெயர் போடுவார்கள். கேட்டாலே சொல்லிவிடலாம், எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி பாடுவார், சிவாஜிக்கு ஒரு மாதிரி பாடுவார்.

அந்தோணி: அதாவது சொல்லிவிட்டு வாயசைத்தால் தப்பில்லை.

ராமநாதன்: ஆமாம். சொல்ல வேண்டும். உழைத்தவன் பெயர் வெளியே வர வேண்டும்.

அந்தோணி: உங்கள் ஆபீஸில் ஃபைலுக்கு நோட் எழுதினது கிளார்க். கையெழுத்துப் போட்டது நீங்கள். பிரமோஷன் யாருக்கு வந்தது?

ராமநாதன்: அது எப்படி உனக்கு...

அந்தோணி: அந்தக் கிளார்க் எங்கள் தெரு சார்.

(ராமநாதன் கொஞ்ச நேரம் ஸ்குரூ டிரைவரை எடுத்து, பார்த்து, வைத்தார்.)

ராமநாதன்: பாட்டைப் பற்றிப் பேசு. ஆள் யாராக இருந்தால் என்ன? பாட்டு சொந்தப் பாட்டு. இப்போது மாதிரி எதை எடுத்தாலும் ரீமிக்ஸ் இல்லை.

அந்தோணி: எந்தப் பாட்டு?

ராமநாதன்: அந்த பாபிலோன் பாட்டு! ஹாஸ்டல் டே அன்றைக்கு அதற்குத்தான் ஆடினோம். வார்டனே கால் தட்டினார். என்ன ஒரு கும்மாளம்!

அந்தோணி: அது பைபிளில் சங்கீதம் 137 சார். பாபிலோன் ஆற்றங்கரையில் கைதிகளாக உட்கார்ந்து, ஊரை நினைத்து அழுதோம் என்று வரும். எங்கள் கோயிலில் அதை வாசிக்கும்போது பாட்டிமார் கண்ணைத் துடைப்பார்கள். நீங்கள் அதற்குக் குத்தாட்டம் போட்டிருக்கிறீர்கள்.

ராமநாதன்: வார்த்தை யாருக்கப்பா புரிந்தது?

அந்தோணி: பாட்டும் அவர்களுடையது இல்லை. ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற குழு 1970இலேயே பாடினது. போனி எம் அதை எடுத்துக்கொண்டது 1978இல். மா பேக்கர் பாட்டு தெரியுமா? அதன் மெட்டு துனிசியாவின் நாட்டுப் பாட்டு.

ராமநாதன்: குரலும் இரவல், மெட்டும் இரவல்.

அந்தோணி: பெயரும் இரவல். சொன்னேனே, டி.வி. தொடர்.

ராமநாதன்: ஆட்டமாவது?

அந்தோணி: ஆட்டம் சொத்து. அதை யாரும் சொல்லிக் கொடுத்து வராது. அரூபா என்று ஒரு தீவு, அங்கே பிறந்தவர். 15 வயதில் கப்பலில் வேலைக்குப் போனவர். ஊர்ப் பெயரைக் கவனித்தீர்களா? அரூபா. குரலுக்கு ரூபம் கொடுக்கத்தான் அங்கிருந்து ஆள் எடுத்தார்களோ என்னவோ.

ராமநாதன்: உன் தமிழ் வாத்தியாரை நான் பார்க்க வேண்டும்.

அந்தோணி: மேடையில் அவர் தன் சொந்தக் குரலில்தான் பாடுவாராம் சார். கடைசிவரைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பாடிக்கொண்டுதான் இருந்தார். 2010இல் ரஷ்யாவுக்குப் போனார், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ராத்திரி நிகழ்ச்சி முடித்துவிட்டுப் படுத்தவர், மறுநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. டிசம்பர் 30.

ராமநாதன்: அடடா.

அந்தோணி: ரஸ்புடின் பாட்டுக்குத்தானே முப்பது வருஷம் ஆடினார்? அந்த ரஸ்புடின், ரஷ்ய அரண்மனைச் சாமியார், அவரைக் கொன்றது அதே ஊரில்தான். 1916, அதே டிசம்பர் 30.

(ராமநாதன் ஒன்றும் பேசவில்லை. வெளியே ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் பிடிக்க, பெரியார், பெரியார் என்று கத்திக்கொண்டே போனார்.)

ராமநாதன்: பாவம். அவர் என்ன செய்வார்? ஆடச் சொன்னார்கள், ஆடியிருக்கிறார்.

அந்தோணி: 'அவர்' திரும்ப வந்துவிட்டார்.

ராமநாதன்: எல்லாம் அந்த ஃபாரியன் செய்த வேலை. அவனை யாரும் கேட்கவில்லையா?

அந்தோணி: கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து. மில்லி வனில்லி என்று இரண்டு பையன்களை நிறுத்தி மறுபடியும் அதே வேலை செய்தார். 1989இல் அமெரிக்காவில் ஒரு மேடை. பையன்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஓடின பதிவு சிக்கிக்கொண்டது. ஒரே வரி திரும்பத் திரும்பத் திரும்பத் திரும்ப...

ராமநாதன்: ஐயையோ. குட்டு உடைந்துவிட்டதா?

அந்தோணி: அதுதான் இல்லை. அடுத்த வருஷம் பிப்ரவரியில் கிராமி விருது கொடுத்தார்கள்!

ராமநாதன்: கொடுத்தார்களா!

அந்தோணி: நவம்பரில் ஃபாரியனே உண்மையை ஒத்துக்கொண்ட பிறகு பிடுங்கிக்கொண்டார்கள். அசிங்கப்பட்டது அந்தப் பையன்கள். மெஷின் சிக்கினால் யாருக்கும் தெரியாது, முதலாளி வாய் திறந்தால்தான் தெரியும். என் முப்பது வருஷ அனுபவமும் அதுதான்.

ராமநாதன்: நாற்பது என்றாயே.

அந்தோணி: போணி ஆகாத நாள்களைக் கழித்துவிட்டேன்.

ராமநாதன்: என்ன இருந்தாலும் அப்பா, எங்கள் தலைமுறை ஒரு விஷயத்தில் சுத்தம். காசு கொடுத்துப் பாட்டுக் கேட்டோம். இந்தப் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஓசியில் இறக்கிக்கொள்கிறார்கள். திருட்டு அது. இதோ பார், ஒரிஜினல் கேசட். 1983இல் வாங்கினது.

அந்தோணி: (கேசட் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து) டாடி கூழ்.

ராமநாதன்: என்ன?

அந்தோணி: 'டாடி கூல்' என்று இருக்க வேண்டியது. 'கூழ்' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது.

ராமநாதன்: அச்சுப் பிழையாக இருக்கும்.

அந்தோணி: அச்சில்லை சார், இது என் கையெழுத்து. டவுன் ஹால் ரோட்டில் ரெக்கார்டிங் கடையில் எடுபிடியாக இருந்தபோது எழுதினது. அப்போது எனக்கு வயது 17. கூழ் தெரியும், கூல் தெரியாது.

ராமநாதன்: இது... ஒரிஜினல் இல்லையா?

அந்தோணி: சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரே ஓர் எல்.பி. இசைத்தட்டு. ஓரத்தில் கீறல்கூட உண்டு, மூன்றாவது பாட்டில் 'டக் டக்' என்று கேட்கும் பாருங்கள். அதிலிருந்து மதுரைக்குள் எத்தனை கேசட் பதிந்து கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் கொடுத்த காசு எங்கள் முதலாளிக்கு வந்தது. ஃபாரியனுக்குப் போகவில்லை, பாபி ஃபேரலுக்கும் போகவில்லை.

ராமநாதன்: அந்த 'டக் டக்' ட்ரம்ஸ் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தோணி: நல்ல காதுதான் சார் உங்களுக்கு.

(புது பெல்ட் மாட்டி, ஹெட்டைத் துடைத்து, கேசட்டில் பென்சிலைச் செருகித் தொங்கிக்கொண்டிருந்த டேப்பை இறுக்கிப் போட்டார். கனத்த குரல் கணீரென்று வந்தது. ராமநாதனின் செருப்புக்கால் தானாகத் தாளம் தட்டியது. என் காலும்தான், பொய் சொல்வானேன்.)

ராமநாதன்: ஆஹா! வந்துவிட்டார் பாரு, பாபி ஃபேரல்!

அந்தோணி: சார்.

ராமநாதன்: தெரியும் தெரியும். இருந்தாலும் வந்துவிட்டார். எவ்வளவு?

அந்தோணி: முந்நூறு.

ராமநாதன்: முந்நூறா! ஒரு ரப்பர் வளையத்துக்கா? அந்தக் காலத்தில் இதே வேலைக்கு...

அந்தோணி: அந்தக் காலத்து ரேட் வேண்டுமென்றால் அந்தக் காலத்து பெல்ட்டையே திரும்ப மாட்டிவிடுகிறேன். இதோ, இன்னும் விரலில்தான் இருக்கிறது.

ராமநாதன்: சரி, நாளைக்கு வந்து தருகிறேன்.

அந்தோணி: போணி நேரம் சார். கடன் மட்டும் சொல்லாதீர்கள், நாள் முழுக்க விளங்காது.

(ராமநாதன் மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, ஸ்கேன் செய்து, மூன்று தடவை பின் நம்பரைத் தப்பாக அடித்து, கடைசியில் அனுப்பினார். கல்லாப்பெட்டி மேல் இருந்த சின்னப் பெட்டியிலிருந்து ஒரு பெண் குரல் தெருவுக்கே கேட்கும்படி, 'முந்நூறு ரூபாய் பெறப்பட்டது' என்றது.)

ராமநாதன்: அட! நல்ல குரலாக இருக்கிறதே. யாரப்பா அது?

அந்தோணி: யாருக்குத் தெரியும் சார்? அது பாடும். நான் நின்று வாயசைப்பேன்.